பக்கத்து ஊர்ல கொட்டுது, எங்க ஊர்ல ஏன் சொட்டு கூட இல்ல? – ஆவணி மழை கேள்வி பதில்

இந்த தடவை வந்த கடிதம், வாட்ஸ்ஆப் மெசேஜ் எல்லாத்தையும் கொட்டி பிரிச்சுப் பார்த்தா பாதிக்கு மேல ஒரே புலம்பல்தான். ஆடி முடிஞ்சு ஆவணி பொறந்தாச்சு, வெயில் குறையல, மழை வர்ற மாதிரி இருட்டுது, வரல, பக்கத்து ஊர்ல வருது. சிலருக்கு மழை வேணும், சிலருக்கு தயவுசெஞ்சு வேண்டவே வேண்டாம். எல்லாருக்கும் தனித்தனியா எழுத முடியாது, அதனால ஒரே மாதிரி கேள்விகளை சேர்த்துக் கட்டி பதில் சொல்லியிருக்கேன்.

கே: சார், போன செவ்வாய்க்கிழமை ராத்திரி வேளச்சேரியில முழங்கால் தண்ணி. ஏழு கிலோமீட்டர் தள்ளி இருக்கற எங்க மேடவாக்கத்துல மாடியில காயப்போட்ட துணி அப்படியே காஞ்சு கிடந்துச்சு. போன்ல இருக்கற ஆப் 80 சதவீதம் மழைன்னு காட்டுச்சு. இனிமே யாரைத்தான் நம்புறது?
– மொட்டைமாடி வாசகி, மேடவாக்கம்

ப: அம்மா, ஆப் பொய் சொல்லலை, ஆனா உங்க மாடியைப் பத்தி அது எதுவுமே சொல்லலை. அந்த ஆப்புக்கு பின்னாடி ஓடுற உலக அளவிலான கணினி மாடல் எல்லாம் பூமியை கட்டம் கட்டமா பிரிச்சு கணக்குப் போடுது, ஒரு கட்டம் 9 கிலோமீட்டர்லேர்ந்து 25 கிலோமீட்டர் வரைக்கும் இருக்கும். நம்ம நாட்டுல 2025 மே மாசம் கொண்டுவந்த பாரத் மாடல் கூட 6 கிலோமீட்டர் கட்டம்தான். வேளச்சேரியும் மேடவாக்கமும் பல மாடலுக்கு ஒரே கட்டம், அதுக்குள்ள எந்த தெருன்னு அதுக்கு தெரியாது.

ஆவணியில சென்னைக்கு வர்ற மழை எப்படி உருவாகுதுன்னு பார்த்தா விஷயம் புரிஞ்சுடும். காலையிலேர்ந்து மேற்குக் காத்து வறட்டுத்தனமா அடிக்கும், மத்தியானம் 37, 38 டிகிரி போயிடும். ஒரு மணி, ரெண்டு மணி வாக்குல கடல்காத்து உள்ள நுழையும், இந்த ரெண்டு காத்தும் முட்டிக்கற இடத்துல சூடான ஈரக்காத்து மேல எழும்பும். இன்னொரு பக்கம் ஜவ்வாது மலை, ஆம்பூர், ஆரணி, ராணிப்பேட்டை பக்கம் மூணு நாலு மணிக்கு மேகம் காலிஃபிளவர் மாதிரி குவிய ஆரம்பிக்கும். இதைத்தான் வெப்பச்சலன மழைன்னு சொல்றாங்க. அந்த மேகத்தை மேற்குக் காத்து கிழக்கால தள்ளிட்டு வரும், அதனாலதான் நமக்கு மழை சாயங்காலம் ஏழு மணிக்கு மேல, சில நாள் நடுராத்திரியில. ஒரு தனி இடிமேகம் அகலத்துல 5, 10 கிலோமீட்டர்தான் இருக்கும், ஆனா உயரம் 12, 15 கிலோமீட்டர் போகும், அகலத்தைவிட உயரம் ஜாஸ்தி, ஒல்லியா நெட்டையா ஒருத்தன் தலையில குடத்தோட நடந்து போற மாதிரி நினைச்சுக்கோங்க. அவன் போற வழியில இருக்கறவனுக்கு குளியல், பக்கத்து தெருக்காரனுக்கு வேடிக்கை.

அதனால இந்த சீசன்ல காலையில ஆப் பார்க்கறதை விட மத்தியானம் மூணு மணிக்கு மேல வானிலை ஆய்வு மையத்தோட ரேடார் படத்தை பாருங்க. காஞ்சிபுரம் பக்கம் சிவப்பா ஒண்ணு, அதாவது பலமான மழைமேகம், தெரிஞ்சா, அது மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்துல வந்தா கூட உங்களுக்கு ரெண்டு மணி நேரம் அவகாசம் இருக்கு, துணி எடுக்க தாராளமா போதும். ஆனா ஒண்ணு, நடுவழியிலேயே செத்துப்போற மேகமும் உண்டு, நான் ரேடாரைப் பார்த்துட்டு குடை எடுத்துட்டு கிளம்பி அசடு வழிஞ்ச நாள் எத்தனையோ.

கே: அண்ணே, மானாவாரியில ரெண்டு ஏக்கர் கடலை போட்டிருக்கேன், 42 நாள் ஆச்சு. பூ நல்லா எடுத்திருக்கு. கடைசியா மழை பேஞ்சு 12 நாள் ஆகுது. ஜிப்சம் மூட்டை வாங்கி வீட்ல வச்சிருக்கேன், 45 நாளுக்குள்ள போட்டு மண்ணு அணைக்கணும்னு சொல்றாங்க. போடவா, மழைக்கு காத்திருக்கவா? இந்த வருஷம் எங்க பக்கம் மழை கணக்கு ஜாஸ்தின்னு பேப்பர்ல வேற போட்டிருக்கான், எரிச்சலா வருது.
– கடலைக்காரன், வந்தவாசி பக்கம்

ப: தம்பி, உங்க எரிச்சல் நியாயமானது. பேப்பர்ல போடுறது ஜூன் 1லேர்ந்து இன்னி வரைக்கும் பேஞ்ச மொத்த மழை. கடலைச் செடிக்கு மொத்தக் கணக்கு தெரியாது, அதுக்கு தெரிஞ்சதெல்லாம் போன மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவுல எத்தனை நாள்ங்கறது மட்டும்தான்.

ஒரு கணக்கு சொல்றேன். 1 மி.மீ. மழைன்னா ஒரு சதுர மீட்டருக்கு 1 லிட்டர் தண்ணி. ஒரு ஏக்கர் ஏறக்குறைய 4,047 சதுர மீட்டர். அப்போ 25 மி.மீ., அதாவது ஒரு இஞ்ச் மழை பேஞ்சா ஒரு ஏக்கர்ல 1 லட்சம் லிட்டர் இறங்குது, 12,000 லிட்டர் தண்ணி லாரி எட்டு லோடுக்கு மேல. ஆனா இந்த ஆவணி வெயிலும் காத்தும் சேர்ந்து ஒரு நாளைக்கு 5 மி.மீ. கிட்ட உறிஞ்சிட்டு போயிடும். செம்மண்ணா இருந்தா அதுவும் தாங்காது, அஞ்சாறு நாள்ல மேல்மண்ணு காஞ்சிடும். இப்போ 100 மி.மீ. மழை நாலு தவணையா வாரம் ஒண்ணா வந்தா உங்க கடலை சிரிக்கும், அதே 100 மி.மீ. ஒரே ராத்திரியில கொட்டிட்டு மூணு வாரம் காணாம போனா பாதி ஏரிக்கு ஓடிடும், மீதி ஆவியாயிடும். பேப்பர்ல ரெண்டுக்கும் ஒரே நம்பர்தான் வரும்.

உங்க செடி இப்போ இருக்கற கட்டம் ரொம்ப முக்கியமான கட்டம், பூவிலேர்ந்து விழுது மண்ணுக்குள்ள இறங்கி காய் பிடிக்கற நேரம். மேல்மண்ணு கெட்டியா காஞ்சு கிடந்தா விழுது குத்திட்டு உள்ள போகாது, வெளியிலேயே கருகிடும். ஜிப்சத்தைப் பொறுத்தவரைக்கும், அந்த 40-45 நாள் கணக்கு தண்ணி பாய்ச்சுற கடலைக்கு சொல்றது. மானாவாரிக்கு மண்ணுல ஈரம் இருக்கறதைப் பார்த்து 40லேர்ந்து 75 நாளுக்குள்ள போடலாம்னுதான் வேளாண்மை பல்கலைக்கழக பரிந்துரை. காஞ்ச மண்ணுல போட்டா அது கரையாது, காய்க்கு சுண்ணாம்புச்சத்து போய் சேராது, காசு தூசியோட போச்சு. அதனால மூட்டையைப் பிரிக்காம வச்சிருங்க, ஒரு உழவு மழை விழுந்த மறுநாளே, பதம் போறதுக்குள்ள தூவி அணைச்சிடுங்க. ஒரே எச்சரிக்கை, விழுது நிறைய இறங்கின பிறகு களைக்கொத்தை ஆழமா போடக்கூடாது, அறுந்துடும், அந்தக் கட்டத்துல செடி ஓரமா பார்த்து மெதுவா கையாலதான் வேலை. உங்க வயலை நேர்ல பார்க்காம இதுக்கு மேல சொல்லக்கூடாது, வட்டார உதவி வேளாண்மை அலுவலரை ஒரு நடை வரச் சொல்லுங்க.

மழை எப்போன்னு கேட்டா, செவ்வாயும் வெள்ளியும் மாவட்ட வாரியா விவசாயிகளுக்கான வானிலை அறிக்கை வருது, மேகதூத் ஆப்ல தமிழ்லயே இருக்கு. அதுல அடுத்த அஞ்சு நாள் பாருங்க. அஞ்சு நாளுக்கு மேல தேதி சொல்றவன் பேச்சை கேட்டு ஜிப்சம் போடாதீங்க.

கே: தினமும் டிவியில "ஓரிரு இடங்களில் லேசானது முதல் மிதமான மழை பெய்யக்கூடும்". இப்படி சொன்னா எப்படியும் தப்பாகாதே சார், இது ஒரு பொழைப்பா?
– ரிட்டயர்டு கணக்கு வாத்தியார், சேலம்

ப: ஹா ஹா, வாத்தியாரே, உங்களுக்குத்தான் இந்த பதில் பிடிக்கும், ஏன்னா அந்த வார்த்தை ஒவ்வொண்ணுக்கும் பின்னாடி கணக்கு இருக்கு. "ஓரிரு இடங்களில்"னா அந்தப் பகுதியில இருக்கற மழைமானி நிலையங்கள்ல 25 சதவீதம் வரைக்கும் மழை பதிவாகும்னு அர்த்தம். "ஒரு சில இடங்களில்"னா 26லேர்ந்து 50 வரை, "அநேக இடங்களில்"னா 51லேர்ந்து 75, "பெரும்பாலான இடங்களில்"னா அதுக்கும் மேல. அதே மாதிரி "லேசான" மழைன்னா 24 மணி நேரத்துல 15.5 மி.மீ. வரை, "மிதமான"ன்னா 64.4 வரை, 64.5ஐத் தாண்டினா "கனமழை", 115.6லேர்ந்து "மிக கனமழை", 204.4க்கு மேல "அதி கனமழை". நாள்ங்கறதும் காலை 8.30லேர்ந்து மறுநாள் காலை 8.30 வரை, அதனால நேத்து ராத்திரி பேஞ்ச மழை இன்னிக்கு கணக்குலதான் வரும், இதை வச்சே டீக்கடையில பல சண்டை.

ஆக "ஓரிரு இடங்களில்"னு கேட்டா உங்க ஊர்ல பெய்யாம இருக்கத்தான் வாய்ப்பு ஜாஸ்தின்னு எடுத்துக்கணும். என்னிக்காவது அது "அநேக இடங்களில்"னு மாறுச்சுன்னா அன்னிக்கு குடை எடுங்க. இதை டிவியில ஒரு தடவையாவது விளக்கிச் சொல்லலாம், சொல்ல மாட்டேங்கறாங்க, அது என் மனக்குறையும்தான்.

கே: டெல்டாவுல குறுவை அறுப்பு நெருங்குது. மேட்டூர்ல தண்ணி நிறைய இருக்கு, ஆனா ஊர்ல சாயங்காலம் சாயங்காலம் மழை. நெல்லை ரோட்ல கொட்டி காய வைக்கறோம், நனையுது, திரும்ப காய வைக்கறோம். எப்போதான் விடும்?
– குறுவைக்காரர், ஒரத்தநாடு

ப: மேட்டூருக்கு வர்றது குடகுலயும் வயநாட்டுலயும் பேயுற தென்மேற்கு பருவமழை, அதுக்கும் உங்க ஊர் சாயங்கால மழைக்கும் சம்பந்தமே கிடையாது, ரெண்டும் வேற வேற வண்டி. உங்க மழை சாயங்கால வெப்பச்சலன மழைதான், ஒரு ஆறுதல் என்னன்னா அது பெரும்பாலும் காலையில வராது. ஒன்பது மணிக்கு மேல பரப்பி, மூணு மணிக்கு குவிச்சு தார்ப்பாய் போட்டு கட்டிடுங்க, நாலு மணி வரைக்கும் பார்க்கலாம்ங்கற ஆசை வேண்டாம். கொள்முதல் நிலையத்துல 17 சதவீத ஈரப்பதம்தான் வரம்பு, ஒரு நனைப்புக்கு ரெண்டு வெயில் வேணும். அறுப்பு மெஷினுக்கு சொல்றதுக்கு முன்னாடி அடுத்த மூணு நாள் அறிக்கையில "வறண்ட வானிலை"ன்னு வார்த்தை இருக்கான்னு பார்த்துட்டு சொல்லுங்க. எப்போ விடும்னா, இடையில நாலஞ்சு நாள் விடும், மொத்தமா விடாது, அடுத்தது ஐப்பசிதான்.

கே: எல்லாரும் மழை மழைன்னு கேக்குறாங்க. எங்களுக்கு இன்னும் ஒரு மாசம் மழை வேண்டாம்னு யார்கிட்ட சொல்ல?
– உப்பளத் தொழிலாளி, தூத்துக்குடி

ப: என்கிட்ட சொல்லுங்க அக்கா. உங்க கேள்வியைப் படிச்சதும் நானும் கொஞ்ச நேரம் யோசிச்சேன், மழையை எப்பவும் வரம்னே எழுதிட்டு இருக்கோம். கடல்தண்ணி 3 டிகிரி அடர்த்தியில உள்ள வந்து, பாத்தி பாத்தியா மாறி, வெயில் குடிச்சு குடிச்சு அந்த அடர்த்தி 25 டிகிரி பக்கம் வந்தாத்தான் உப்பு விளையுது. விளையப்போற பாத்தியில ஒரு இருபது மி.மீ. மழை விழுந்தா அத்தனை நாள் வெயிலும் வீண், திரும்ப முதல்லேர்ந்து காத்திருக்கணும், அத்தனை நாள் கூலியும் இல்ல.

உங்க ஊர் மேற்குத்தொடர்ச்சி மலையோட மழை மறைவுல இருக்கு. செங்கோட்டை கணவாய் வழியா வர்ற காத்து குற்றாலத்துல சாரலை கொட்டிட்டு, இறங்கி இறங்கி சூடாகி வறண்டு உங்ககிட்ட வருது. ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மூணு மாசமும் சேர்ந்தே சாதாரணமா ரெண்டு இஞ்ச் தேறாது. செப்டம்பர் கடைசியில காத்து தளரும்போதுதான் திடீர் இடிமழை பயம். அந்த மேற்குக் காத்து பலமா அடிக்கற வரைக்கும் உங்க பாத்திக்கு ஆபத்து குறைச்சல், காத்து ஓஞ்சு புழுக்கமா ஒரு நாள் இருந்தா வாரின உப்பை அம்பாரம் கட்டி மூடிடுங்க.

கே: எங்க பாட்டி "அந்தி மழை அழுதாலும் விடாது"ன்னு சொல்வாங்க. சயின்ஸ்படி சரியா?
– பிளஸ் டூ மாணவி, திருவள்ளூர்

ப: திருவள்ளூர் பாட்டி சொன்னா சரியாத்தான் இருக்கும் மா. இடிமேகத்தோட உக்கிரமான பகுதி அரை மணி, முக்கால் மணி நேரத்துல கடந்துடும், ஆனா அதோட வால் மாதிரி பின்னாடி விரிஞ்சு கிடக்கற மேகம் மெதுவா, விடாம, நச நசன்னு தூறிட்டே இருக்கும். சாயங்காலம் அஞ்சு மணிக்கு வந்தா வெயில் மறுபடி வந்து அதைக் கலைக்க வழியில்ல, அதனால சாப்பிட்டு படுக்கற வரைக்கும் தூறல். உங்க ஊர் மேகத்தோட வழியில வேற இருக்கு, ஒண்ணு போனா இன்னொண்ணு. ஈசல் பறந்தா மழைன்னு சொல்றதை மட்டும் முழுசா நம்பாத, பெரும்பாலும் மழை பேஞ்சு மண்ணு நனைஞ்ச பிறகுதான் ஈசல் கிளம்பும், அது சாட்சி, ஜோசியர் இல்ல.

கே: வட இந்தியாவுல மழை நின்னா நமக்கு மழைன்னு ஒரு யூடியூப்காரர் சொல்றார். அடிச்சு விடுறாரா?
– சந்தேகப்பேர்வழி, வேலூர்

ப: இல்ல, இதுல அவர் சொல்றது பெரும்பாலும் சரி. ஜூலை, ஆகஸ்ட்ல கங்கைச் சமவெளி வழியா ஒரு காற்றழுத்த தாழ்வுப் பள்ளம் படுத்திருக்கும், நடு இந்தியாவுக்கு மழை அதோட உபயம். சில சமயம் அது வடக்கால நகர்ந்து இமயமலை அடிவாரத்துக்குப் போயிடும். அப்போ நடு இந்தியா காயும், அடிவாரத்துலயும் வடகிழக்கு மாநிலங்கள்லயும் கொட்டும், நம்ம பக்கம் மேற்குக் காத்து தளர்ந்து சாயங்கால இடிமழைக்கு வழி கிடைக்கும். இதை பருவமழை இடைவெளின்னு சொல்லுவாங்க. 2023 ஆகஸ்ட் அப்படி ஒரு மாசம், 1901லேர்ந்து இருக்கற பதிவுகள்லயே இந்தியாவுக்கு மிக வறண்ட ஆகஸ்ட் அதுதான். எதிர்ப்பக்கமும் உண்டு. 2019 ஆகஸ்ட் முதல் பத்து நாள்ல பருவமழை உக்கிரமா இருந்தப்போ நீலகிரி அவலாஞ்சியில 24 மணி நேரத்துல 80 சென்டிமீட்டருக்கு மேல பேஞ்சுது. அந்த மாதிரி மேற்குக் காத்து வெறி பிடிச்சு அடிக்கற நாள்ல மலைக்கு இந்தப் பக்கம் இருக்கற நாமெல்லாம் வானத்தைப் பார்த்துட்டு உக்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

கே: ஆவணி காஞ்சா ஐப்பசியும் காயுமா?
– வாசகர், காரைக்குடி

ப: அப்படி கட்டாயம் இல்ல. ஆவணியில தென்மேற்கு, ஐப்பசியில வடகிழக்கு, ரெண்டும் வேற வேற பருவமழை. 2015ல எல் நினோ, அதாவது பசிபிக் கடல் வழக்கத்தை விட சூடான வருஷம், தென்மேற்கு பருவமழை நாட்டுக்கே குறைச்சல், வடகிழக்குல சென்னை மூழ்குச்சு. 2016ல வடகிழக்கு படுத்தே போச்சு. மிச்சத்தை புரட்டாசி இதழ்ல எழுதறேன்.

கே: மதுரையில ஆவணியிலயும் 39, 40 டிகிரி. வடாம் போடலாமா?
– இல்லத்தரசி, திருநகர்

ப: மலையைத் தாண்டி இறங்கி வர்ற வறண்ட காத்துதான் காரணம், உங்க ஊருக்கு இது ரெண்டாவது கோடை. தாராளமா போடுங்க, காலையில ஏழு மணிக்கு பிழிஞ்சு மூணு மணிக்குள்ள உள்ள எடுத்துடுங்க. கூழ் வடாம்னா ரெண்டு நாள் முழு வெயில் கேக்கும். சுண்டைக்காய், மோர் மிளகாயும் போடலாம்.

கே: பையன் சாயங்காலம் கிரவுண்டுல கிரிக்கெட் ஆடுறான். தூரத்துல இடி இடிச்சா கூட "இன்னும் மழையே வரலையே"ன்னு வர மாட்டேங்கறான். பயமா இருக்கு.
– ஒரு அம்மா, ஓசூர்

ப: பயப்பட வேண்டிய விஷயம்தான் மா. மின்னல் விழறதுக்கு அங்க மழை பெய்யணும்னு அவசியமே இல்ல, மேகத்தோட விளிம்புலேர்ந்து பல கிலோமீட்டர் தள்ளி வெட்டவெளியில விழும். அவனுக்கு ஒரு விளையாட்டா சொல்லிக்கொடுங்க. மின்னல் தெரிஞ்சதும் எண்ண ஆரம்பிக்கணும், மூணு செகண்டுக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்றதுக்குள்ள இடி கேட்டா பத்து கிலோமீட்டருக்குள்ள இருக்கு, ஸ்டம்பை விட்டுட்டு கட்டடத்துக்குள்ள ஓடணும். கடைசி இடிக்கு அப்புறம் அரை மணி நேரம் கழிச்சுதான் திரும்ப ஆட்டம். மரத்தடியில மட்டும் நிக்கவே கூடாது. தாமினின்னு ஒரு ஆப் இருக்கு, புனேயில இருக்கற வெப்பமண்டல வானிலை ஆராய்ச்சி நிறுவனம் போட்டது, சுத்துப்பட்டுல மின்னல் விழுந்தா காட்டும், உங்க போன்ல வச்சுக்கோங்க.

கே: ஆவணி கடைசி முகூர்த்தத்துல பொண்ணுக்கு கல்யாணம். சாயங்கால ரிசப்ஷனை மண்டபத்து மொட்டை மாடியில வச்சு அங்கேயே பந்தி போடலாம்னு மாப்பிள்ளை வீட்ல ஆசைப்படுறாங்க. மழை வருமா வராதான்னு ஒரு வார்த்தை சொல்லுங்க சார்.
– பெண்ணைப் பெத்தவர், காஞ்சிபுரம்

ப: ஒரு வார்த்தை சொல்லி நான் ஏற்கனவே பட்டிருக்கேன் ஐயா. சில வருஷம் முன்னாடி என் சித்தி பையன் கல்யாணத்துக்கு "மேற்குக் காத்து பலமா இருக்கு, இன்னிக்கு சான்ஸே இல்ல"ன்னு மத்தியானம் ரெண்டு மணிக்கு தைரியமா சொன்னேன், ஏழரைக்கு ரெண்டாவது பந்தி உக்கார்ந்ததும் அரக்கோணம் பக்கத்துலேர்ந்து வந்துச்சு பாருங்க ஒண்ணு, சாம்பார் ரசமாயிடுச்சு, ரசம் சுடுதண்ணி ஆயிடுச்சு, சித்தி இன்னிக்கும் என்கிட்ட வானிலை பேசுறதில்ல.

இத்தனை வாரம் முன்னாடி அந்த ஒரு ராத்திரியை யாராலும் சொல்ல முடியாது. காஞ்சிபுரத்துல ஆவணி கடைசின்னா காலை முகூர்த்தத்துக்கு மழை தொந்தரவு அநேகமா இருக்காது, சாயங்காலம் ஆறுலேர்ந்து பத்து வரைதான் கண்டம். அஞ்சு நாள் முன்னாடி அறிக்கையைப் பாருங்க, அன்னிக்கு மூணு மணிக்கு ரேடார் பாருங்க. சாமியானா போட்டா போதும்னு பந்தல்காரர் சொல்வார், நம்பாதீங்க, மழைக்கு முன்னாடி வர்ற காத்துலயே அது பறக்கும். பந்தியை கீழ டைனிங் ஹால்ல போட்டுடுங்க, மாப்பிள்ளை வீட்டுக்காரங்க ஆசைக்கு மாடியில போட்டோவும் ஐஸ்கிரீம் ஸ்டாலும் மட்டும் வச்சுக்கோங்க.